பேரேட்டில் எழுதிய எடை

அன்பு மகளுக்கு,

பிறக்கும்போது இருக்கும் எடைக்கும் பின்னாளில் வரும் நோய்க்கும் உள்ள தொடர்பை நீ ஆராய்வதாகப் போனில் சொன்ன நாளிலிருந்து மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் மருத்துவமனையின் பழைய பிரசவக் குறிப்புகளே மனசில் ஓடுகின்றன. 1934 முதல் பிறந்தவர்களின் எடையை எழுதிவைத்து, பெரியவர்களான பின் அவர்களைத் தேடிப்பிடித்துச் சோதித்தார்களே! இரண்டரைக் கிலோவும் அதற்குக் கீழுமாகப் பிறந்தவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு இதய நோய், 3.1 கிலோவும் அதற்கு மேலும் இருந்தவர்களில் 3 பேருக்குத்தான். இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரிலும் டேவிட் பார்க்கர் என்ற மருத்துவர் அப்படித்தான் 1911-லிருந்து எழுதிய பேரேடுகளைத் தேடி எடுத்தாராம். அவற்றை எழுதியவர்கள் வீடு வீடாகப் போன செவிலியர்கள் என்று நீ சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நானும் கிராமச் செவிலியராக 27 வருஷம் எழுதியவள்தான். அதனால் ஒன்றை உன்னிடம் சொல்லியாக வேண்டும். தூளியில் பிள்ளையைப் போட்டு ஸ்பிரிங் தராசில் மாட்டினால் அது உதைத்துக்கொண்டே இருக்கும், முள் நிற்காது. 2.4-க்கும் 2.5-க்கும் நடுவில் ஆடினால் 2.5 என்றே எழுதியிருக்கிறேன். குறைத்து எழுதினால் எடை குறைந்த பிள்ளை என்று கணக்காகிவிடும், மேலதிகாரிகளுக்குப் பதில் சொல்ல வேண்டும், வீட்டில் அந்தப் பெண்ணுக்கு ஏச்சு விழும். நான் செய்தது தப்பு. எங்களைப் போன்றவர்கள் எழுதிய பதிவேடு உன் கைக்கு வந்து, 2.5-இல் மட்டும் பிள்ளைகள் குவிந்திருந்தால், அதை அப்படியே நம்பிவிடாதே.

புனே பக்கத்துக் கிராமங்களில் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் பார்த்த பெண்களுக்குக் கர்ப்பத்துக்கு முன் சராசரி எடையே 42 கிலோதான் என்றாயே. கீரை, பால், பழம் அடிக்கடி சாப்பிட்டவர்களின் பிள்ளைகள் கொஞ்சம் பெரிதாகப் பிறந்தார்கள் என்றும் சொன்னாய். சரி கண்ணு. ஆனால் எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சியதை வழித்துத் தின்கிறவளிடம் போய்க் "கீரை சாப்பிடம்மா" என்று நானே எத்தனை முறை சொல்லியிருப்பேன்! வீட்டில் காசு யார் கையில் இருக்கிறது, அவள் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாள் என்பதையும் உன் கேள்வித்தாளில் சேர். பிள்ளை எடை குறைந்ததற்குத் தாயே காரணம் என்று படிக்கிறவர்கள் நினைத்துவிடக் கூடாது.

நீ பிறந்தபோது 2.3. எட்டாம் மாதம் வரை மூன்று ஊருக்கு நடந்தே போய்வந்தேன். உன் எடையை நான் கூட்டி எழுதவில்லை. எடை குறைந்து பிறந்தவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோயும் வர வாய்ப்பு அதிகமாம், உனக்கும் முப்பது தாண்டிவிட்டது. இந்த வாரமே வெறும் வயிற்றில் சுகர் பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணு. வந்த எண்ணை உள்ளபடியே சொல்.

அம்மா