ஹிதாவுக்குக் கிளம்பும் முன்

அன்புள்ள கயல்,

தம்பி ஃபுகுவோகாவில் இறங்கியதுமே 'அட்டாக் ஆன் டைட்டன்' அணைக்குக் கூட்டிப்போ என்றுதான் நிற்பான். டைட்டன் என்னும் ராட்சதர்களுக்குப் பயந்து மனிதர்கள் உயரமான சுவருக்குள் அடைந்து வாழும் ஜப்பானியப் படக்கதை, அதாவது மங்கா, அது. ஏற்பாட்டை அவனிடம் விடாதே. அவனுக்கு டைட்டன்களின் பெயர் தெரியும், பேருந்து நேரம் தெரியாது.

அதை வரைந்த இசயாமா ஹாஜிமே 1986இல் பிறந்த ஓயாமாவில்தான் அந்த அணை. அந்த ஊர் இப்போது ஓயிதா மாகாணத்து ஹிதா நகரத்தோடு சேர்ந்துவிட்டது. ஃபுகுவோகாவின் ஹகாதா நிலையத்திலிருந்து 'யூஃபுயின் நோ மோரி' ரயிலில் போகத்தான் எல்லாருக்கும் ஆசை. அதில் எல்லா இருக்கையும் முன்பதிவு, சனி ஞாயிறில் சீக்கிரமே தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் நெடுந்தூரப் பேருந்தில் ஏறிவிடுங்கள். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம், கட்டணமும் குறைவு. ஜூன், ஜூலை மழைக்காலம் என்றால் ரயில் ஓடுகிறதா என்று முதல் நாளே பார். 2017 ஜூலை வெள்ளத்தில் ஹிதாவுக்குப் பக்கத்துக் ககெட்சு ஆற்று ரயில்பாலம் அடித்துக்கொண்டு போய், அந்த வழியைச் சீர்செய்ய ஓராண்டு ஆயிற்று.

ஹிதா நிலைய வாசலிலேயே கதையில் வரும் வீரன் லீவாயின் சிலை நிற்கிறது. ஐந்து நிமிடம் போதும். அங்கே பி.ஆர்.டி. என்று எழுதிய பேருந்தைப் பார்த்து ஏறிவிடாதீர்கள். அது 2023இல் பழைய ஹிதாஹிகோசான் ரயில்தடத்துக்குப் பதிலாக வந்தது, ஓயாமா பக்கம் வராது. ஓயாமா வழியாகப் போகும் ஊர்ப்பேருந்து நாளுக்குச் சில தடவைதான், அதுவும் அணை வாசலில் கொண்டுபோய் விடாது. ஆகவே வாடகைக் கார், இல்லையேல் டாக்சி. டாக்சி என்றால் அணையில் காத்திருக்கச் சொல்லிப் பேசிக்கொள், திரும்ப அங்கே வண்டி கிடைக்காது. கார் என்றால் ஒன்றைக் கவனி: இந்தியாவில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதி, நீ ஜப்பானில் இறங்கிய நாளிலிருந்து ஓராண்டுக்குத்தான் செல்லும். அது தாண்டியிருந்தால் ஜப்பான் உரிமம் வேண்டும். ஊருக்கு ஒரு வாரம் வந்துவிட்டுத் திரும்பினால் கணக்கு புதிதாகத் தொடங்காது.

அணைக்குக் கீழே கதையின் முக்கியப் பாத்திரங்கள் எரென், மிகாசா, ஆர்மின் மூவரும் சிறுபிள்ளைகளாக அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறார்கள். 2020 நவம்பரில் வைத்த வெண்கலச் சிலைகள். மூவருக்கும் பின்னால் போய்க் குத்தவைத்து, போனைத் தாழ்வாகப் பிடித்து மேல்நோக்கி எடுக்க வேண்டும். நின்றபடி எடுத்தால் சுவர் குட்டையாகத் தெரியும், படத்துக்கு உயிரே இருக்காது. அணைக்கு மேலே ராட்சதன் எழுந்து பார்ப்பதுபோல் போன் திரையில் காட்டும் ஏ.ஆர். செயலியை விடுதி வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொள். அது இடத்தைக் கண்டுபிடித்துத்தான் வேலை செய்யும், ஜி.பி.எஸ். அனுமதி கொடுக்க மறக்காதே, போனில் சார்ஜும் இருக்கட்டும். (கதையில் சுவர் 50 மீட்டர், ராட்சதன் 60 மீட்டர். இந்த அணையோ 94 மீட்டர். நிஜத்தில் வந்தாலும் அவனால் எட்டிப்பார்க்க முடியாது. தம்பியிடம் சொல், சண்டைக்கு வருவான்.)

இந்த அணையைப் பார்த்துத்தான் கதையின் சுவர் பிறந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதே. மங்கா தொடங்கியது 2009இல், அணை முடிந்தது 2013இல். இசயாமா பேட்டிகளில் சொல்வது சுற்றி நிற்கும் மலைகளைத்தான். அதனால் படம் எடுத்ததும் ஓடிவராமல் பள்ளத்தாக்கை ஒருமுறை சுற்றிப் பார்க்கச் சொல். வயலுக்குச் சமநிலம் இல்லாத ஊர் அது. 1961இல் அந்த மக்கள் நெல்லை விட்டு, 'உமே என்ற புளிப்புப் பழ மரமும் கஷ்கொட்டையும் நடுவோம், ஹவாய் போவோம்' என்று கிளம்பினார்கள். மலைக்கு அப்பால் போகும் ஆசை இசயாமாவுக்கு முன்பே அங்கே இருந்திருக்கிறது.

அருங்காட்சியகம் அணையில் இல்லை, 'மிசுபே நோ சாதோ ஓயாமா' என்ற சாலையோர நிலையத்தில் இருக்கிறது. இன்னொரு கிளை சப்போரோ பீர் ஆலையில். ஒரே நாளில் அணை, சாலையோர நிலையம், நிலையத்து லீவாய், இவை போதும். பீர் ஆலையையும் சேர்த்தால் கடைசிப் பேருந்துக்கு ஓட வேண்டியிருக்கும்.

ஆகஸ்ட் என்றால் தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். ஜப்பானிலேயே அதிக வெயில் பதிவாகும் ஊர்களில் ஹிதாவும் ஒன்று. வரும்போது ஓயாமா உமேபோஷி, அதாவது உமே பழ ஊறுகாய், ஒரு டப்பா வாங்கிக்கொள். உப்பு தூக்கலாக இருக்கும், தயிர்சாதத்துக்கு அரைப்பழம் போதும்.

அன்புடன்,
அப்பா