கிளீவ்லாண்டிலிருந்து ஒரு கடிதம்: ஆலிஸ் ஷாலிஃபூவும் நாற்பத்தேழு நரம்புகளும்

கிளீவ்லாண்ட்,
ஐப்பசி

அன்புள்ள மைதிலிக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. முழங்கால் வலி சற்றுக் குறைந்ததும், உன் பேத்தி வீணைப் பாடத்தில் வர்ணம் வரை வந்துவிட்டதும் மனத்துக்கு நிறைவாக இருந்தன. ஆனால் கடைசிப் பத்தியில் நீ எழுதியிருந்த வரிதான் என்னை விடாமல் உறுத்திக்கொண்டிருக்கிறது. மேடை ஏறியவர்களின் பெயர் நிலைத்துவிட்டது, சரளி வரிசை சொல்லிக்கொடுத்தே நம் காலம் போய்விட்டது என்று எழுதியிருந்தாய். உடனே மறுத்து எழுத உட்கார்ந்தேன். சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அதற்குள் இந்த ஊரில் வாழ்ந்த ஒரு பெண்மணியின் கதையில் அகப்பட்டுக்கொண்டேன். நீ கேட்டதற்கு அதுதான் பதிலா என்று எனக்கே உறுதியில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

கிளீவ்லாண்ட் என்றதும் நமக்கு 1978 முதல் இங்கே நடந்துவரும் தியாகராஜ ஆராதனைதான் நினைவுக்கு வரும். இந்த ஊர்க்காரர்களுக்கோ தங்கள் சிம்ஃபனி இசைக்குழுதான் பெருமை. மகள் என்னை அந்தக் குழுவின் செவரன்ஸ் அரங்கத்துக்கு அழைத்துப் போனாள். வழி தெரியாத பதற்றத்தில் முக்கால் மணி நேரம் முன்னதாகவே போய்விட்டோம். அரங்கில் ஆளில்லை. மேடையில் மட்டும் ஒருவர் ஹார்ப்பை, அதாவது நம் யாழைப் போன்ற அந்தப் பெரிய நரம்பு வாத்தியத்தை, தோளில் சாய்த்துக்கொண்டு, ஒவ்வொரு நரம்பாகத் தட்டிப் பார்த்துச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். கச்சேரிக்கு முன் வீணையின் ஏழு தந்தியைச் சேர்ப்பதற்குள் நமக்கு வியர்த்துவிடும், அங்கே நாற்பத்தேழு. மற்ற வாத்தியக்காரர்கள் வந்து இரைச்சலைக் கிளப்புவதற்குள் முடித்தாக வேண்டும் என்பதால்தான் ஹார்ப்காரர் எப்போதும் முதல் ஆளாக வருகிறார் என்று பக்கத்தில் இருந்த முதியவர் சொன்னார். அவரே தொடர்ந்து, "அந்த நாற்காலியில் ஆலிஸ் நாற்பத்து மூன்று ஆண்டுகள் உட்கார்ந்திருந்தார்" என்றார். அப்படித்தான் ஆலிஸ் ஷாலிஃபூவின் பெயரை முதன்முதலில் கேட்டேன்.

அவர் 1908-இல் அலபாமா மாநிலத்துப் பர்மிங்காமில் பிறந்தவர். ஃபிலடெல்ஃபியாவில் உள்ள கர்ட்டிஸ் இசைக் கல்விக்கூடத்தில் கார்லோஸ் சால்சேடோவிடம் ஹார்ப் பயின்றார். அங்கே 1928 முதல் மாணவர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. கையில் வித்தை இருந்தால் போதும். சால்சேடோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் ஆலிஸைப் பற்றிச் சொல்ல முடியாது. பிரான்சின் ஆர்க்கஷோன் என்ற கடற்கரை ஊரில் 1885-இல் பிறந்த அவர், பதினாறு வயதில் பாரிஸ் கன்சர்வேட்டரியில் பியானோவுக்கும் ஹார்ப்புக்கும் ஒரே நாளில் முதல் பரிசு வாங்கினாராம். 1909-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓப்பெராவுக்கு வந்து சேர்ந்தார். 1924-இல் கர்ட்டிஸில் ஹார்ப் துறையைத் தொடங்கினார். வரவேற்பறையின் ஓரத்தில் நிற்கும் அலங்காரப் பொருளைப் போல ஹார்ப்பை நடத்துவது அவருக்குப் பொறுக்காது. விரல் நகத்தின் பின்புறத்தால் நரம்புகளை வழித்து எழுப்பும் ஒலிக்கு ஆலங்கட்டி மழை என்றும், கீழ்ச் சுருதி நரம்புகள் ஒன்றோடொன்று மோதி அதிரும்படி வேகமாக இழுப்பதற்கு இடி என்றும் பெயர் வைத்தவர் அவர். நம் ஆசிரியை நெளிவைக் கற்றுக்கொடுக்கும்போது வாழைத்தண்டையும் எண்ணெய் வழிவதையும் உவமை சொன்னது நினைவிருக்கிறதா?

அந்த வாத்தியம் எப்படி வேலை செய்கிறது என்பதையும் உனக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீணைக்காரிக்குத்தான் இது ருசிக்கும். நரம்பு என்ற பழைய சொல் இங்கே அப்படியே பொருந்துகிறது. நடுப்பகுதி நரம்புகளை இன்றும் விலங்கின் குடலிலிருந்துதான் முறுக்கி எடுக்கிறார்கள். நம் பேரியாழுக்கு இருபத்தொரு நரம்பு என்று படித்திருக்கிறோம். இது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். கண் தடுமாறாமல் இருக்க, சட்ஜம் போன்ற அவர்களது ‘சி’ நரம்புகளுக்குச் சிவப்பும் ‘எஃப்’ நரம்புகளுக்குக் கறுப்பும் பூசியிருக்கிறார்கள். நாம் வீணையின் மெட்டில் தந்தியை அழுத்தி இழுத்து, சுரத்தை அசைத்துக் கமகம் பிடிக்கிறோம் அல்லவா, அங்கே அந்த வேலையே இல்லை. சுரத்தை அரை இடம் ஏற்றுவதும் இறக்குவதும் காலின் பொறுப்பு. அடியில் ஏழு பெடல்கள் உள்ளன, இடக்காலுக்கு மூன்று, வலக்காலுக்கு நான்கு. ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை. பாரிஸில் பட்டறை வைத்திருந்த செபாஸ்டியன் எரார் இந்த அமைப்புக்கு 1810-இல் காப்புரிமை பெற்றார். மேலே கைகள் நதி ஓடுவதைப் போல அமைதியாக இருக்க, பாவாடைக்கு அடியில் கால்கள் தையல் இயந்திரத்தை மிதிப்பதைப் போல இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. சுண்டுவிரலை அவர்கள் பயன்படுத்துவதே இல்லை. நாம் தாளத் தந்திக்கு அதை நம்பியிருக்கிறோம் என்று சொன்னபோது அந்த முதியவர் தம் விரலை ஒருமுறை உற்றுப் பார்த்துக்கொண்டார்.

சால்சேடோவின் பாணியில் மீட்டி முடிந்ததும் வேலை முடிவதில்லை. முழங்கை தரைக்கு இணையாக உயர்ந்திருக்க வேண்டும். மீட்டிய விரல் உள்ளங்கைக்குள் மடங்க வேண்டும். ஒலி தேய்ந்து மறையும்வரை கை காற்றில் மெல்ல எழ வேண்டும். நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப் பள்ளியில் பல்லாண்டு கற்பித்த மார்செல் கிராண்ட்ஜானியின் வழியினருக்கு வேறு கணக்கு. இருவரும் பாரிஸில் படித்தவர்கள்தாம். ஆனால் அமெரிக்காவில் இரண்டு பாணிகளாகக் கிளைத்து, தஞ்சாவூர் பாணிக்காரரும் மைசூர் பாணிக்காரரும் ஒருவர் வாசிப்பை மற்றவர் முகம் சுளிக்காமல் கேட்க முடியாததைப் போல ஆகிவிட்டது. கை காற்றில் எழுவது வெறும் நாடகம் என்பது எதிர்த்தரப்பின் ஏளனம். முதலில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிறகு அரங்கில் கேட்டபோது, கை இறங்காதவரை ரசிகரும் மூச்சை விடுவதில்லை என்பதைக் கண்டேன்.

ஆலிஸ் 1931-இல் கிளீவ்லாண்ட் இசைக்குழுவில் முதன்மை ஹார்ப்காரராகச் சேர்ந்தார். செவரன்ஸ் அரங்கம் திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். அதற்கு முந்தைய ஆண்டு, சால்சேடோவின் இன்னொரு மாணவியான எட்னா ஃபிலிப்ஸ் ஃபிலடெல்ஃபியா இசைக்குழுவில் சேர்ந்திருந்தார்; அந்தக் குழுவின் முதல் பெண் அவர். அன்றைய பெரிய குழுக்கள் பெண்களுக்குக் கதவைத் திறந்ததில் ஹார்ப் முன்னால் நின்றது. ஹார்ப் பெண்களுக்கு உரியது என்ற பழைய எண்ணம், ஒரு விதத்தில் இழிவுதான், இந்த ஒரு விஷயத்தில் பயன்பட்டது. உள்ளே போன பிறகு என்ன? நீண்ட காலம் கிளீவ்லாண்ட் குழுவில் ஆலிஸ் ஏறத்தாழத் தன்னந்தனிப் பெண். வெளியூர்ப் பயணங்களில் பெண்ணுக்கென்று உடை மாற்ற இடம் இருக்காது. ஹார்ப்பை எடுத்துச் செல்லும் பெட்டி ஆள் உயரம் இருக்கும். ஹார்ப்பை வெளியே எடுத்து வைத்துவிட்டு, அந்தப் பெட்டிக்குள் நின்றுகொண்டு சேலையை, அதாவது கச்சேரி உடையை, மாற்றிக்கொள்வாராம். கை பழக்கத்தில் சேலை என்று எழுதிவிட்டேன். அடிக்க மனமில்லை, இருக்கட்டும். திருமண மண்டபத்துச் சமையல்கட்டின் பின்னால், அரிசி மூட்டைகளுக்கு நடுவே நாம் இருவரும் மாறி மாறிக் காவல் நின்று புடவை மாற்றிய நாளை நீ மறந்திருக்க மாட்டாய்.

நாற்பத்து மூன்று ஆண்டுகள் என்றதும் நாற்பத்து மூன்று ஆண்டுகளும் வாசித்துத் தள்ளினார் என்று நினைத்துவிடாதே. பீத்தோவனின் ஒன்பது சிம்ஃபனிகளில் ஹார்ப் கிடையாது. பிராம்ஸின் நான்கிலும் கிடையாது. இருக்கும் உருப்படிகளிலும் நூறு, இருநூறு ஆவர்த்தனம் எண்ணிக்கொண்டு காத்திருந்து, பிறகு நான்கு சுரம் மீட்ட வேண்டியிருக்கும். அந்த நான்கும் தனியாகக் கேட்கும். தவறினால் அரங்கம் முழுவதற்கும் தெரியும். அதிலும் 1946 முதல் 1970 வரை அங்கே நடத்துநராக இருந்த ஜார்ஜ் செல், சின்னப் பிழையையும் பொறுக்காதவர் என்று பெயர் எடுத்தவர். அவர் முன்னால் இருபத்து நான்கு ஆண்டுகள் உட்கார்ந்தவர் என்றால் நரம்பு அவருக்கும் உறுதியானதாகத்தான் இருந்திருக்கும். ஆலிஸ் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுவார், கேலிக்கும் குறைவிருக்காது என்கிறார்கள்.

அவர் தனித்து முன்னால் வந்து வாசித்த ஒலிப்பதிவு ஒன்றை மகள் தேடிக் கொடுத்தாள். பியர் பூலெஸ் குழுவை நடத்த, பிரெஞ்சு இசையமைப்பாளர் தெபுஸி 1904-இல் எழுதிய இரண்டு நடனங்கள். அந்த உருப்படிக்கு ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. பெடலே இல்லாமல், பன்னிரண்டு சுரத்துக்கும் தனித்தனி நரம்பு கட்டிய புதுவகை ஹார்ப்பைப் பிளேயெல் நிறுவனம் செய்து, அதற்காகவே தெபுஸியிடம் கேட்டு வாங்கிய இசை அது. போட்டி நிறுவனமான எரார், பெடல் ஹார்ப்புக்கு இன்னொரு பிரெஞ்சு இசையமைப்பாளரான ராவலிடம் ஓர் உருப்படி எழுதி வாங்கியது. பிளேயெலின் வாத்தியம் வழக்கொழிந்துவிட்டது. இசையை மட்டும் எதிரியின் வாத்தியம் சுவீகாரம் எடுத்துக்கொண்டது. ஆலிஸின் வாசிப்பில் முதல் நடனத்தில் ஒவ்வொரு அடுக்குச் சுரமும் மணியடித்து ஓய்வதைப் போல முழுதாக ஓய்ந்த பிறகே அடுத்தது வருகிறது. நான்கு தடவை கேட்டேன்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். சால்சேடோ 1931 முதல் ஒவ்வொரு கோடையிலும் மெய்ன் மாநிலத்தின் காம்டன் என்ற துறைமுக ஊருக்கு மாணவர்களை வரவழைத்துப் பாடம் நடத்தினார். குருகுலம் என்றே சொல்லலாம். 1961-இல் அவர் காலமானதும் அதை ஆலிஸ் ஏற்று, தொண்ணூறு வயதைக் கடந்த பிறகும் நடத்தினார். அது போக, கிளீவ்லாண்ட் இசைக் கல்விக்கூடத்திலும் ஓபர்லினிலும் கற்பித்தார். இன்று உலகம் அறிந்த ஹார்ப் கலைஞர் யோலாண்டா கொண்டொனாசிஸ் அவருடைய மாணவி. 1974-இல் ஆலிஸ் ஓய்வு பெற்றபோது அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்த லிசா வெல்பாமும் அவருடைய மாணவி. அவர் 2007 வரை வாசித்தார். ஆக, 1931 முதல் 2007 வரை எழுபத்தாறு ஆண்டுகள் அந்த நாற்காலியில் உயர்ந்து இறங்கியது ஒரே குருவின் வழி வந்த கை. மாணவி ஓய்வு பெற்றதையும் பார்த்துவிட்டு, 2008-இல், நூறு வயது நிரம்பி ஆலிஸ் மறைந்தார்.

இதை உனக்கு ஆறுதலாக எழுதவில்லை, மைதிலி. அவருக்கு மேடையும் இருந்தது, வகுப்பும் இருந்தது. நமக்கு வகுப்பு மட்டும்தான் வாய்த்தது. அந்த வருத்தம் நியாயமானது, எனக்கும் உண்டு. ஆனால் குருவின் புகழைக் காக்கிறேன் என்று குருவழி வந்த பாடாந்தரத்தை, அதாவது பாட முறையை, பூட்டி வைப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். ஒரு சங்கதியை நம் எதிரில் வாசிக்காமல், வெளியே போகச் சொல்லிவிட்டு வாசித்தவரை நீயும் நானும் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறோம். ஆலிஸின் கதையில் எனக்குப் பிடித்தது, தாம் உட்கார்ந்த நாற்காலிக்கே ஆளைத் தயார் செய்ததுதான். உன்னிடம் பதினொரு ஆண்டு படித்துவிட்டு வானொலியில் ஏ கிரேடு வாங்கிய அந்தப் பெண் தந்தியிலிருந்து விரலை எடுக்கும்போது மணிக்கட்டை லேசாக வெளியே திருப்புவாள். அது நம் ஆசிரியையின் மணிக்கட்டு. உன் வழியாகத்தான் அவளுக்குப் போயிற்று. அவளுக்கு அது தெரியுமா என்று கேட்டுப் பார்.

ஒரு வேலை உன்னிடம் ஒப்படைக்கிறேன். என் வீணை ஐந்து மாதமாக உறைக்குள் கிடக்கிறது. இந்தக் கோடையில் மெழுகு இளகி மெட்டுகள் நகர்ந்திருக்கும். சாவி கீழ்வீட்டில் இருக்கிறது. மெழுகில் மெட்டுகளைப் பதித்து மேளம் கட்டுபவரை ஒருநாள் வரவழைத்துப் பார்த்து வைக்கச் சொல். கட்டி முடித்ததும் நீயே உட்கார்ந்து மந்தர பஞ்சமத்தைத் தட்டிப் பார். போன தடவை அது கால் சுருதி ஏறி நின்றது, அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. மார்கழிக்கு முன் வந்துவிடுவேன்.

அன்புடன்,
ஜானகி