‘யார் வந்தால் எங்களுக்கென்ன’ என்ற அந்த வரி

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கடந்த இதழில் பிரெஞ்சுத் தேர்தல் பற்றிய பத்தியை, “யார் வந்தால் எங்களுக்கென்ன, நாங்கள் விடிய எழும்பி வேலைக்குத்தானே போகப்போகிறோம்” என்று முடித்திருந்தீர்கள். இருபது வருடமாக, பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் காசு கொடுத்து உங்கள் இதழை வாங்கி வாசிக்கிறவன் நான். இந்த வரியை வேறு யாரும் எழுதியிருந்தால் பேசாமல் விட்டிருப்பேன்.

2002 ஏப்ரல் 21, ஜனாதிபதித் தேர்தலின் முதல் சுற்று, உங்களுக்கு மறந்திருக்காது. அப்போது எனக்குக் குடியுரிமை கிடைத்து மூன்று வருடம். வாக்காளர் அட்டை அலுமாரிக்குள் பாஸ்போட்டோடு கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை, இரண்டு நேர வேலை. இடையில் கிடைத்த மூன்று மணித்தியாலத்தில் படுத்து நித்திரை கொண்டேன். எப்படியும் ஜனாதிபதி சிராக்கும் பிரதமர் ஜொஸ்பனும்தான் இரண்டாம் சுற்றுக்கு வருவார்கள், அப்போது போய்ப் போடலாம் என்று ஒரு நினைப்பு. இரவு எட்டு மணிக்கு, ரெஸ்ரோரண்ட் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நிற்கும்போது, தொலைக்காட்சியில் தீவிர வலதுசாரிக் கட்சித் தலைவர் ஜோன்-மரி லு பென்னின் முகம் வந்தது, இரண்டாம் சுற்றுக்கு. அவருக்கு 16.86 வீதம், ஜொஸ்பனுக்கு 16.18. இடைவெளி இரண்டு லட்சம் வாக்குகூட இல்லை. வாக்களிக்காமல் இருந்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல். பக்கத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த மாலி நாட்டுக்காரர், விசாகூட இல்லாத மனிதர், திரும்பி, “உன்னட்டை அட்டை இருக்கே, நீ போட்டியா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவருடைய முகம் இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது.

இரண்டு கிழமை கழித்து சிராக் 82 வீதம் எடுத்ததும், பயம் முடிந்தது என்று எல்லோரும் இருந்துவிட்டோம். லு பென்னின் அதே கட்சி, அவர் மகள் மரின் லு பென்னின் தலைமையில், 2017 ஜனாதிபதித் தேர்தலின் இரண்டாம் சுற்றில் ஏறத்தாழ 34 வீதத்துக்கு வந்தது. பெயரை மாற்றிக்கொண்டு 2022இல் 41ஐத் தாண்டியது. இங்கே பிறக்கும் வெளிநாட்டவர் பிள்ளைகளுக்குக் குடியுரிமை கிடைக்கும் வழியை மூட வேண்டும் என்று சொல்லும் கட்சி அது. 2024இல் அதன் தலைவர் பார்தெல்லா, இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்குச் சில முக்கிய அரச பதவிகள் கிடையாது என்றார். உங்கள் வாசகர்களின் பிள்ளைகளைப் பற்றிய பேச்சு இது, ஐயா. எங்களுக்கென்ன என்று எப்படிக் கேட்க மனம் வந்தது?

ஊர்க்கதையையும் சொல்லவேண்டி வருகிறது. 2005 இலங்கை ஜனாதிபதித் தேர்தலில், வடக்கில் வாக்களிக்க வேண்டாம் என்று சொல்லப்பட்டது. யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூடப் போடவில்லை. அம்மா அன்று படலையைத் தாண்டவில்லை. மகிந்த ராஜபக்ச வென்றது ஏறத்தாழ ஒரு லட்சத்து எண்பதாயிரம் வாக்கு வித்தியாசத்தில். அப்போதும், இரண்டு வேட்பாளரும் ஒன்றுதான் என்றார்கள். அதற்குப் பிறகு நடந்ததை உங்களுக்கு நான் எழுதத் தேவையில்லை.

சனம் வாக்குப் போடப் போனால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோமே. 2022 பிரெஞ்சு நாடாளுமன்றத் தேர்தலின் முதல் சுற்றில் 47.5 வீதம்தான் வாக்களித்தார்கள். 2024 ஜூன் 30இல் அது 66.7. கூடுதலாக வந்தவர்கள் எல்லோரும் லு பென் கட்சிக்கு எதிராகத்தான் போட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. அன்று முதலிடத்தில் நின்றதும் அவர்கள்தான். ஆனால் அந்தக் கட்சிக்கு எதிரான வாக்குகள் பிரியாமல் இருக்க, இரண்டாம் சுற்றில் இருநூறுக்கும் மேற்பட்ட வேட்பாளர்கள் விலகி வழி விட்டார்கள், சனமும் திரும்பி வந்தது. ஜூலை 7 இரவு அந்தக் கட்சி ஆசனக் கணக்கில் மூன்றாவதாக நின்றது. அன்று நானும் வரிசையில் நின்றேன். என் நீளமான பெயரை வாக்குச்சாவடியில் இருந்த அம்மா மூன்று தரம் எழுத்துக்கூட்டி வாசித்தார். கடித உறை கண்ணாடிப் பெட்டிக்குள் விழுந்ததும் என் பெயரோடு “அ வோத்தே”, வாக்களித்துவிட்டார், என்று உரத்துச் சொன்னார். இந்த நாட்டில் என் பெயரை அப்படி எல்லோருக்கும் கேட்க ஒருவர் சொல்வது அந்த ஒரு இடத்தில்தான்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. இலங்கைத் தேர்தல் என்றால் பக்கம் பக்கமாகப் போடுகிறீர்கள். எங்களில் பலருக்கு அங்கே வாக்கே இல்லை. வாக்கு உள்ள நாட்டுக்கு அரைப் பத்தி. தேர்த் திருவிழாவுக்கு வந்த அரசியல்வாதியின் படம் அட்டையில் வருகிறது, அவர் எந்தச் சட்டத்துக்குக் கை தூக்கினார் என்று உள்ளே ஒரு வரி இல்லை. “புதிதாக வருகிறவர்களால்தான் பிரச்சினை” என்று எங்கள் ஆட்களே பேசுவதைப் பற்றி 2022இல் ஒரு கடிதம் எழுதினேன். வெளியிடவில்லை. சரி, இடம் இல்லாமல் இருந்திருக்கும்.

இப்போது கேட்பது அரைப் பக்கம்தான். 2027 ஜனாதிபதித் தேர்தலுக்கு முன், பதிவை எப்படிச் சரிபார்ப்பது என்று தமிழில் போடுங்கள். முதல் சுற்றுக்கு முந்தைய ஆறாவது வெள்ளிக்கிழமையோடு பதிவு முடிகிறது. வீடு மாறியவர்கள் புதிய நகரசபையில் பதிய வேண்டும். என் மருமகன் அது தெரியாமல் போய், பட்டியலில் பெயர் இல்லை என்று திரும்பி வந்தவன். ஞாயிறு வேலை உள்ளவர்கள் தங்கள் வாக்கை இன்னொருவர் மூலம் போடலாம். அவர் அதே ஊரில் பதிந்தவராக இருக்கத் தேவையில்லை, ஆனால் வேலைக்குப் போகிறவரின் வாக்குச்சாவடிக்கு வந்துதான் போட வேண்டும். குசினியில் நிற்கும் பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
பழைய வாசகன்,
லா கூர்நோவ்