எங்கள் முன்பள்ளிக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்

இயேசுவில் அன்பான உறவுகளே, ஊரவர்களே, கடல் கடந்து இருந்தும் எங்களை மறக்காதவர்களே,

வன்னியில் உள்ள எங்கள் கோயில் பங்கின் முன்பள்ளி, மறைக்கல்விக் கட்டடத்துக்குக் கூரை ஏறிவிட்டது. நிலம் பூசி முடிந்து, இப்போது யன்னல்களுக்குக் கதவு பூட்டும் வேலை நடக்கிறது. தை மாதம் தவணை தொடங்கும்போது பிள்ளைகள் உள்ளே இருப்பார்கள். கட்டடக் குழுவின் செயலாளர் என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். திறப்பு விழாவில் பெயர்களை வாசித்து நன்றி சொல்வதுதான் வழக்கம். ஆனால் உங்களில் பாதிப்பேர் அன்றைக்கு வரமுடியாத தூரத்தில் இருக்கிறீர்கள். இன்னும் சிலர் தங்கள் பெயரை எங்கேயும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டீர்கள். அதனால் பெயர்கள் இல்லாமலே நடந்ததைச் சொல்கிறேன். அவரவர் செய்தது அவரவருக்குத் தெரியும். ஆண்டவருக்கும் தெரியும்.

முதல் நன்றி ஆண்டவருக்கே. இதைச் சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை. மதிப்பீட்டின் கால்வாசிப் பணம்கூடக் கையில் இல்லாமல் தொடங்கிய வேலை இது. அது எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் உங்களுக்கு நாங்கள் சொல்லும் நன்றியின் கனமும் தெரியும்.

வெளியில் இருப்பவர்கள் சிலர், "கத்தோலிக்கப் பள்ளிக்கூடம் என்கிறீர்கள், ஏன் முன்பள்ளியோடு நிற்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தீர்கள். 1847இல் இலங்கைக்கு வந்த அமலமரித் தியாகிகள் (OMI) என்ற துறவற சபைக் குருக்களின் காலத்தில் இருந்து எங்கள் பக்கத்தில் கோயிலும் பள்ளிக்கூடமும் ஒரே வளவில்தான் வளர்ந்தன. 1960, 61ஆம் ஆண்டுச் சட்டங்களோடு பெரும்பாலான கத்தோலிக்கப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. 'றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன் பாடசாலை' என்ற பெயர்ப்பலகைகள் இன்றும் இருக்கின்றன, நிர்வாகம் அரசினுடையது. ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு ஒரு பங்கு தன்பாட்டில் புதிய பாடசாலை தொடங்கவும் முடியாது. ஆக, எங்கள் கையில் மிஞ்சியிருப்பது மூன்று தொடக்கம் ஐந்து வயது வரையான சின்னப் பிள்ளைகளும், ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வியும்தான். மிஞ்சியது சிறியது என்று நாங்கள் நினைக்கவில்லை. ஒரு பிள்ளை முதன்முதல் கைகூப்பப் பழகுவதும், பக்கத்துப் பிள்ளைக்குப் பலகாரத்தில் பாதி கொடுக்கப் பழகுவதும் அந்த வயதில்தான்.

எங்கள் பழைய முன்பள்ளி மண்சுவரும் கிடுகும். 2008இல் போரால் ஊரோடு அதையும் விட்டுவிட்டு வெளிக்கிட்டோம். செட்டிகுளத்தில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த முகாம்களில் இருந்து திரும்பி வந்தபோது அந்த இடத்தில் பற்றைதான் நின்றது. முதலில் தறப்பாள், பிறகு தகரக் கொட்டில். ஆனி, ஆடி மாதச் சோளகக் காற்றில் தகரம் சத்தம் போடத் தொடங்கினால் ரீச்சர் சொல்லும் கதை பின்வரிசைக்குக் கேட்காது. பத்து மணிக்குப் பிறகு உள்ளே இருக்க ஏலாத வெக்கை. மாரியில் தண்ணீர் உள்ளே வந்துவிடும், பிள்ளைகள் கோயில் விறாந்தைக்கு மாறுவார்கள். அங்கே சாவீட்டுப் பூசை என்றால் அன்றைக்குப் பள்ளி இல்லை. இப்படியே எத்தனையோ பிள்ளைகள் படித்து வெளியேறிவிட்டார்கள். 2022க்கு முன்பே கட்ட வேண்டும் என்று கதைத்தோம். அந்த வருடம் ஒரு மூடை சீமெந்தின் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறிப்போனது. மண்ணெண்ணெய்க்கே வரிசையில் நின்ற காலம். கதை அத்தோடு நின்றது.

மறுபடி கூட்டம் கூடியபோது நடந்ததைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பாதர், "ஆண்டவரை நம்பித் தொடங்குவோம்" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். அப்போது ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழும்பி, "சுவாமி, கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று லூக்கா நற்செய்தியில் ஆண்டவரே சொல்லியிருக்கிறாரே" என்றார். சபை அமைதியாகிவிட்டது. பாதர் கோபிக்கவில்லை. "ரீச்சர் சொல்வதுதான் சரி. அவர் சொன்னபடி உட்காருவோம்" என்று மேசையை இழுத்துப் போட்டார்.

அன்றைக்கு இரவு லைற் நூர்ந்த பிறகும் அரிக்கன் லாம்பை வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தோம். கையில் உள்ள பணம் ஒரு பக்கம். எங்கள் கையாலேயே செய்யக்கூடியது இன்னொரு பக்கம்: அத்திவாரம் வெட்டுவது, கல் அரிவது, கல் மண் ஏற்றுவது, சமையல். மிச்சத்தைப் பார்த்தபோது எல்லோருக்கும் பயம் வந்தது. கடன் எடுப்போமா என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பெண்கள் பக்கத்தில் இருந்துதான் பதில் வந்தது, ஒரே குரலில், "வேண்டாம்" என்று. நுண்கடன் வன்னியில் எத்தனை வீடுகளின் நிம்மதியைக் கெடுத்தது என்று அவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிக் கடன் வாங்குவது நம்பிக்கை இல்லை என்பது என் எண்ணமும்தான். கையில் உள்ள காசு அத்திவாரத்துக்குக் காணும், அத்திவாரத்தைப் போடுவோம். பணம் வந்தால் சுவர். வராவிட்டால் நிறுத்திவிட்டுச் செபிப்போம். இதுதான் முடிவு. கணக்கு எங்களுடையது, கணக்கில் குறைந்தது அவருடையது.

போன வருடம் மே 1, தொழிலாளரான புனித சூசையப்பர் திருநாளன்று அடிக்கல் நாட்டினோம். வெட்டத் தொடங்கினால் கீழே களிமண். குளத்துக்குக் கீழ் உள்ள நிலம், வேறு எப்படி இருக்கும்? மழைக்கு வீங்கி, கோடைக்கு வெடித்துப் பிளக்கும் மண். அதன் மேல் சாதாரண அத்திவாரம் வைத்தால் சுவர் இரண்டு வருடத்தில் வெடிக்கும் என்று, சம்பளம் வாங்காமல் வந்து பார்த்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் சொன்னார். இன்னும் ஆழம் வெட்டி, மணல் நிரப்பி, கருங்கல் கட்ட வேண்டும். தம்பி, நீங்கள் அன்றைக்கு உள்ளதைச் சொல்லியிராவிட்டால் இந்தக் கட்டடம் பிள்ளைகளின் தலைக்கு மேல் ஒரு ஆபத்தாக நின்றிருக்கும். மோட்டார்சைக்கிளுக்கு எண்ணெய்க் காசுகூட எடுக்கவில்லை. உங்களுக்கு நன்றி.

அப்படி ஆழம் வெட்டும்போது ஒரு இளைஞனின் மண்வெட்டி இரும்பில் பட்டது. இங்கே அந்தச் சத்தம் கேட்டால் எல்லோருடைய கையும் நின்றுவிடும். வேலையை நிறுத்தி, பொலிசுக்கு அறிவித்து, அவர்கள் ஆட்களைக் கொண்டுவந்து எடுத்துப்போகும் வரைக்கும் கயிறு கட்டி வைத்திருந்தோம். போர்க்காலத்துப் பழைய செல்லின் (எறிகணையின்) துண்டு. வெடிக்கவில்லை, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த இடத்தில்தான் இத்தனை வருடமும் பிள்ளைகள் ஓடி விளையாடினார்கள். அதற்கும் சேர்த்துத்தான் முதல் நன்றியை ஆண்டவருக்கு வைத்தேன்.

ஆனி முடியும்போது பணமும் முடிந்தது. குழி பாதியில் நின்றது. ஆடித் திருவிழாவுக்கு வழக்கம்போல மடு மாதா திருத்தலத்துக்கு நடந்து போனோம். கட்டட வரைபடத்தைச் சுருட்டிப் பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டுபோய் அன்னையின் பாதத்தில் வைத்துச் செபித்தோம். 1670இல் மாந்தையில் இருந்து சுரூபமாகக் காட்டுக்குள் கொண்டுவரப்பட்டவள் அவள். 2008 சித்திரையில் செல்லுக்குப் பயந்து தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து, ஆவணியில் திரும்பி வந்தவள். இருந்த இடத்தை விட்டு ஓடுவதும் திரும்பி வந்து தொடங்குவதும் என்னவென்று அவளுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. அங்கே போய் நின்றால் எங்கள் சனத்துக்கு வாயால் கேட்க வராது, கண்ணீர்தான் வரும்.

திரும்பி வந்த கிழமையே பிள்ளையார் கோயில் தலைவர் ஐயா எங்கள் வளவுக்கு வந்தார். குழியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்கட மதிலுக்கு எண்டு பறிச்ச கருங்கல் கிடக்குது. நாங்கள் பிறகு கட்டலாம். பிள்ளையள் காத்திருக்க ஏலாது" என்றார். அடுத்த நாள் அவர்களுடைய உழவு இயந்திரப் பெட்டியிலேயே கல் வந்து இறங்கியது. அந்த முன்பள்ளிக்கு அவர்களின் பிள்ளைகளும்தான் வருகிறார்கள் என்பது உண்மை. ஆனால் சுவாமிக்கு என்று எடுத்து வைத்த கல்லைத் தூக்கித் தருவதற்குப் பெரிய மனசு வேண்டும். ஐயா, உங்களுக்கும் நிர்வாக சபைக்கும் எங்கள் பங்கு என்றென்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறது. மற்றக் கடன் வேண்டாம் என்ற நாங்கள் இந்தக் கடனைச் சந்தோசமாக வைத்துக்கொள்கிறோம்.

சுவருக்கான கல்லை எங்கள் அம்மாமார், அக்காமார் அரிந்தார்கள். இதை நேரில் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். விடிய ஐந்து மணிக்கே சீமெந்தும் மணலும் குழைத்து அச்சில் போட்டு இடித்து, தட்டிக் கவிழ்த்து வரிசையாக வைப்பார்கள். வெயில் ஏறினால் கல் வெடிக்கும் என்று ஒன்பது மணிக்கு முன் முடித்துவிடுவார்கள். பிறகு காலையும் மாலையும் தண்ணீர் விட வேண்டும். அந்தப் பொறுப்பை எடுத்த அக்கா ஒருவர், கணவரைப் போரில் இழந்து நாலு பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர், ஒரு நேரம்கூடத் தவறவிடவில்லை. காய்ந்த கல் இரண்டை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டிப் பார்ப்பார். கணீர் என்று கேட்டால் அடுக்கில் வைப்பார், சத்தம் மொத்தையாக இருந்தால் ஒதுக்கிவிடுவார். சுவர் கட்ட வந்த மேசன், "கடைக் கல்லைவிட இது திறம்" என்று சொன்னபோது அவருடைய முகத்தில் வந்த சிரிப்பை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

பிடி அரிசி தந்த வீடுகளுக்கும் நன்றி. உலை வைக்கும்போது ஒரு பிடியைப் பானையில் இருந்து எடுத்துவைத்து, ஞாயிறு பூசைக்குக் கொண்டுவந்தீர்கள். காலபோகம் வெட்டியதும் முதல் மூடை நெல்லைக் கோயிலுக்குத் தந்தீர்கள். பூசை முடிய வைத்த ஏலத்தில் ஒரு சேவலை மூன்று பேர் மாறி மாறி எடுத்துத் திரும்பக் கோயிலுக்கே தந்தீர்கள். இதில் வந்த காசில்தான் சுவர் லிண்டல் மட்டத்துக்கு வந்தது.

கனடா, சுவிஸ், பிரான்ஸ், இலண்டன் உறவுகளுக்கு என்ன சொல்ல? மகளின் முதல் நற்கருணைக்கு மண்டபம் எடுக்காமல், அந்தக் காசைக் கம்பிக்கு அனுப்பிய குடும்பம் ஒன்று. அந்தப் பிள்ளையிடம் சம்மதம் கேட்டுத்தான் அனுப்பினோம் என்று எழுதியிருந்தீர்கள். மகளே, உன் பெயரை எழுதவில்லை, ஆனால் இங்கே பிள்ளைகள் உனக்காகச் செபிக்கிறார்கள். பாரிஸ் நகரில் இரவு வேலை செய்யும் தம்பி ஒருவர் சம்பளம் வந்ததும் ஒவ்வொரு மாதமும் ஒரு சிறு தொகை அனுப்பினார். பெரிய தொகைகள் வந்து உதவியது உண்மைதான். ஆனால் அந்தச் சிறு தொகை தவறாமல் வந்தபடியால்தான் மேசன்மாருக்குச் சனிக்கிழமைக் கூலியைத் தட்டுப்பாடில்லாமல் கொடுக்க முடிந்தது.

கூரைதான் கடைசிச் சோதனை. ஐப்பசி பிறந்து வானம் கறுத்துவிட்டது, நனைந்தால் பூசாத சுவர் பழுதாகும். சூசையப்பருக்கு நவநாள் (ஒன்பது நாள் செபம்) தொடங்கினோம். நவநாள் நடந்துகொண்டிருக்கும்போதே, வவுனியாவில் இரும்புக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர் ஒருவர் எங்கள் குழுவினரிடம் விசாரித்துவிட்டு, கூரைத் தகடு முழுவதையும் தான் வாங்கின விலைக்கே தந்தார். லொறிக் கூலியும் எடுக்கவில்லை. "படிக்கிற பிள்ளைகளின் இடம், இதில லாபம் பார்க்கேலாது" என்றாராம். பெரியவரே, அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரவேண்டும். தீராந்திக்கு (கூரை உத்தரத்துக்கு) பனை தந்த இரண்டு வீட்டாருக்கும், முதல் மழைக்கு முன்னர் வேலையை முடிக்க வேண்டும் என்று இருட்டின பிறகும் ரோச் லைற் வெளிச்சத்தில் ஆணி அடித்த தச்சர் அண்ணாவுக்கும் நன்றி. கடைசித் தகடு ஏறின மற்ற நாள் மழை பிடித்தது. சனம் உள்ளே நின்று பார்த்தது, ஒரு சொட்டும் ஒழுகவில்லை.

வரவு செலவுக் கணக்கு முழுவதும் கோயில் அறிவித்தல் பலகையில் போடப்பட்டிருக்கிறது. வெளியில் உள்ளவர்களுக்குப் பிரதி அனுப்புகிறோம். சந்தேகம் இருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள். கடன் இல்லை. கழிப்பறைக் கதவும் தண்ணீர்த் தாங்கியும் வேலியும் இன்னும் பாக்கி, அதற்கான பணம் கையில் இல்லை, ஆனால் முன்பிருந்த பயமும் இல்லை. ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமைப் பூசை உங்கள் எல்லோருடைய கருத்துக்காகவும் ஒப்புக்கொடுக்கப்படும், இறந்துபோன உங்கள் உறவுகளையும் நினைத்து.

இன்னும் ஒரு செய்தி. அரிந்த கல்லில் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. அதைப் பிள்ளையார் கோயில் மதிலுக்குக் கொடுப்பதாகக் கூட்டத்தில் முடிவெடுத்திருக்கிறோம். அந்த வேலைக்கு வருகிற சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சிரமதானம். ஊரில் நிற்பவர்கள் மண்வெட்டியோடு வாருங்கள், சாப்பாடு எங்கள் பங்கின் பொறுப்பு.

ஆண்டவரின் ஆசீர் உங்கள் வீடுகளில் தங்குவதாக.

அன்புடன்,
செயலாளர்,
முன்பள்ளி மறைக்கல்விக் கட்டடக் குழு