பாடம் வாசிக்கும்போது திரை வேண்டாம்

சேகர குருவானவர் ஐயாவுக்கும் சேகர கமிட்டியாருக்கும் தோத்திரம்.

போன ஞாயிறு ஆராதனையில், பழைய ஏற்பாட்டுப் பாடத்தின் நடுவே கரண்ட் போய், வேத வசனங்களைக் காட்டும் திரை அணைந்தது. வாசித்தவர் புத்தகத்தைப் பார்த்து வாசித்து முடித்தார். சபையில் வேதாகமம் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிரசங்கத்தில் அதற்காகச் சபையாரைக் கண்டித்தீர்கள். கண்டிப்பு நியாயமே. ஆனால் அந்தப் பழக்கம் எப்படி நின்றுபோனது என்று கமிட்டி ஒருமுறையாவது பேசியதுண்டா?

பிரசங்கியார் "செப்பனியா மூன்று, பதினேழு" என்கிறார். பழைய ஏற்பாட்டின் கடைசிப் பக்கமாய் உள்ள செப்பனியா புத்தகம் மொத்தமே மூன்று அதிகாரம். முன்னால் ஆபகூக் மூன்று, பின்னால் ஆகாய் இரண்டு. எல்லாம் சில தாள்களில் முடிந்துவிடும். விரல் பழகியவருக்கே அரை நிமிஷம் பிடிக்கும். அவர் ஆபகூக்கில் நிற்கும்போதே வசனம் திரையில் வந்து, வாசித்தும் முடிந்து, அடுத்த வசனம் வந்துவிடுகிறது. நாலு ஞாயிறு இப்படித் தவறவிட்டவர் ஐந்தாம் ஞாயிறு வேதாகமத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறார். பெரிய எழுத்து வேதாகமத்தை மடியில் வைத்துத் தடவித் தேடும் பாட்டிமார்களுக்குக் கடைசி பெஞ்சிலிருந்து திரையும் தெரியாது. புத்தகமும் கிடைக்காமல், திரையும் தெரியாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பார்த்தா வேதாகமம் கொண்டுவருவதில்லை என்று சொல்வது?

ஆகவே கேட்கிறோம்: பாட வாசிப்பிலும் பிரசங்கத்திலும் வசனங்களைத் திரையில் போடுவதை நிறுத்துங்கள். பாட்டும் அறிவிப்பும் இருக்கட்டும்.

திரையில் ஒரு வசனம்தான் நிற்கும். எரேமியா 29:11ஐ எத்தனையோ முறை போட்டாயிற்று, சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று. பத்தாம் வசனமோ, சிறைப்பட்டுப் போனவர்களுக்குப் பாபிலோனில் எழுபது வருஷம் என்கிறது. ஐந்தாம் வசனம் அங்கேயே வீடு கட்டி, தோட்டம் நாட்டச் சொல்கிறது. புத்தகம் திறந்திருந்தால் கண் தானாக மேலே போகும். பெரோயா ஊரார், பவுல் சொன்னது சரிதானா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்துபார்த்தார்கள் என்று அப்போஸ்தலர் 17:11இல் வாசிக்கிறோமே, முன்பின் தெரியாத ஒற்றை வசனத்தில் எதை ஆராய்வது?

வசனம் எடுக்கும் பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. கிடைத்த இடத்திலிருந்து எடுக்கிறார்கள். அதனால் பீடத்தில் பழைய மொழிபெயர்ப்பும் திரையில் வேறொன்றும் ஓடுகின்றன. பழைய எழுத்துருவில் அடித்தது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் குறிகளாக வருகிறது.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பாடங்களின் அதிகார வசன எண்களை முந்தின ஞாயிறே அறிவியுங்கள், வாசலிலும் எழுதிவையுங்கள். வாசிக்கிறவர் புத்தகப் பெயரையும் அதிகாரத்தையும் இரண்டு முறை சொல்லிவிட்டு, தாள் புரளும் சத்தம் அடங்கும்வரை நிற்கட்டும். சிறிய புத்தகமானால் "மத்தேயுவுக்கு முன்னால் ஐந்தாவது புத்தகம்" என்று இடமும் சொல்லட்டும். புதிதாய் வருகிறவர்களுக்காகப் பத்து வேதாகமங்கள், அதில் நாலைந்து பெரிய எழுத்தில், வாசல் மேஜையில் இருக்கட்டும்.

தரங்கம்பாடியில் மிஷனெரி சீகன்பால்கு தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1715இல் அச்சிட்டு முடித்தார். முந்நூறு வருஷத்துக்கு மேலாயிற்று. விசுவாசத்தை அறிக்கையிட்டுச் சபையில் உறுதிப்படும் திடப்படுத்தல் ஆராதனையில் நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வேதாகமம் கண்ணாடி அலமாரியில் உறை கழற்றாமல் இருக்கிறது. ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடப் போட்டியில் ஜெயிக்கும் பிள்ளைக்கு வேதாகமத்தில் மீகா புத்தகத்தை எடுக்கத் தெரியவில்லை. பெரிய எல்இடி திரை வாங்கக் காணிக்கை கேட்டபோது ஒரே மாதம் பொறுங்கள் என்று சொல்லத் தோன்றியது; சொல்லாமல் விட்டது எங்கள் தவறு.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் மன்னியுங்கள். தாழ்மையாய்க் கேட்கிறோம், வருகிற ஞாயிறு முதல் நாலு வாரம் மட்டும் வசனத்துக்குத் திரை இல்லாமல் நடத்திப் பாருங்கள். இந்தச் சனிக்கிழமை ஜெபக்கூட்டத்திலேயே அறிவித்தால் வீட்டுக்கு வீடு சொல்லிவிடுகிறோம்.

கிறிஸ்துவுக்குள்,
சபையார் சிலர்