கோயில்காட்டுச் சருகைக் கொளுத்தாதீர்கள்: ஊர் அம்பலங்களுக்கு ஒரு திறந்த மடல்

மேலூர்ப் பக்கத்து எங்கள் ஊர்த் தலைவர்களான அம்பலங்களுக்கும் திருவிழாக் கமிட்டியாருக்கும் வணக்கம்.

மண்குதிரை சுமந்து வரும் புரவி எடுப்புத் திருவிழாவுக்கு முன்னால் அய்யனார் கோயில்காட்டுச் சருகை ஒட்டக் கூட்டிக் கொளுத்திவிட்டு, மரத்தடி முழுக்க பேவர் பிளாக் பதிக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். கோயில் வாசலில் பதியுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை (சித்திரை வெயிலில் அது வெறுங்காலைச் சுடும் என்பது வேறு கதை). மரத்தடியை மட்டும் விட்டுவிடுங்கள்.

அந்தக் காட்டுக்கு இதுவரை யாரும் ஒரு கூடை எரு போட்டதில்லை. குச்சி ஒடித்தாலே சாமி குத்தம் என்று பயந்த ஊர் என்பதால் விழுந்த இலை அங்கேயே கிடந்து மட்கி, அதே மரங்களுக்குப் போய்ச் சேர்கிறது. மட்க வைப்பது மண்புழுவும் கரையானும் என்பீர்கள். சரிதான், ஆனால் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத பெருங்கூட்டம் ஒன்றும் அங்கே இருக்கிறது.

மழைக்குப் பிறகு சருகை விலக்கிப் பாருங்கள். மேலே முழு இலை, அடியில் நரம்பு மட்டும் மிஞ்சிய இலை, அதற்கும் கீழே கறுத்த பொடி. அந்தப் பொடியில் பெரும்பகுதி, சிற்றுயிர்கள் இலையைத் தின்று போட்ட புழுக்கைதான். வயிற்றுக்கடியில் மடக்கிய வாலைத் தட்டித் துள்ளும் ஸ்பிரிங்டெயில், கடுகைவிடச் சிறிய, ஓடு மூடிய மைட் (உண்ணி இனச் சிற்றுயிர்), மரவட்டை எல்லாம் அங்கே உண்டு. இவை இலையை நொறுக்க நொறுக்க, பூஞ்சையும் பாக்டீரியாவும் பற்றிக்கொள்ள இடம் பெருகுகிறது. போகிற இடமெல்லாம் பூஞ்சையின் வித்துகளையும் சுமந்து போகின்றன.

தழைச்சத்து (நைட்ரஜன்) கணக்கு இன்னும் சுவாரசியம். மட்கும் இலையின் தழைச்சத்தைப் பாக்டீரியா தன் உடம்பில் பூட்டிக்கொள்ளும், வேருக்குக் கிடைக்காது. அந்தப் பாக்டீரியாவை நூற்புழு என்னும் நுண்ணிய புழு தின்னும்போது, புழுவின் உடம்புக்குத் தேவையானதைவிடத் தழைச்சத்து கூடுதலாக வந்துவிடுகிறது. மிச்சத்தை அம்மோனியமாக வெளியே விடுகிறது. அதை வேர் எடுத்துக்கொள்கிறது.

இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் ஓக், பீச் மர இலைத் துண்டுகளை நைலான் பைகளில் போட்டு மண்ணுக்குள் புதைத்துப் பார்த்தார்கள். முடிவு 1963-இல் வெளியானது. 0.003 மில்லிமீட்டர் துளையுள்ள பைக்குள் பூஞ்சையும் பாக்டீரியாவும் நுழையலாம், சிற்றுயிர்கள் நுழைய முடியாது. 9 மாதம் கழித்தும் அந்தப் பை இலைகள் பார்வைக்குப் போட்டபடியே இருந்தன. நம் ஊர் வெப்பத்தில் வேகம் வேறாக இருக்கும், வேலை நடக்கும் விதம் ஒன்றுதான்.

"சாம்பலும் உரம்தானே" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். சாம்பல்சத்து இருக்கத்தான் செய்கிறது. ஆனால் தழைச்சத்தில் பெரும்பங்கு புகையோடு போய்விடும். மிஞ்சிய சாம்பலைக் காற்றும் முதல் மழையும் கொண்டுபோகும். மேல்மண்ணில் இருக்கிற உயிர்களும் வெந்து போகும். கல் பதித்தாலோ, விழுகிற இலை மண்ணையே தொடாது.

பாம்பு பயம் நியாயம். பொங்கல் அடுப்புத் தீ சருகில் பற்றுமோ என்ற பயம் அதைவிட நியாயம். அதனால் நடைபாதை, கோயில் முன்வாசல், அடுப்பு வைக்கும் திடல் இவற்றைச் சுற்றி அகலமாகக் கூட்டிவிடுங்கள். கூட்டிய சருகைக் காட்டின் ஓரத்திலேயே ஒரு குழியில் கொட்டினால் மட்கிப் போகும். பிளாஸ்டிக் தட்டையும் டம்ளரையும் பொறுக்க ஆள் போடுங்கள், நானும் வருகிறேன்.

நம்பிக்கை வரவில்லையா? ஒரு புனலில் வலை வைத்து, மட்கிய சருகைப் போட்டு, மேலே குண்டு பல்பை எரியவிட்டு, கீழே ஒரு பாட்டில் வைத்தால் போதும். சூட்டுக்கும் உலர்வுக்கும் தப்பி உயிர்கள் கீழே இறங்கி விழும். இத்தாலியப் பூச்சியியலாளர் பெர்லேசே 1905-இல் வெந்நீர்ச் சூட்டால் செய்த ஏற்பாட்டை, 1918-இல் ஸ்வீடனின் டுல்கிரென் பல்புக்கு மாற்றினார். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வைத்தே செய்து காட்டுகிறேன். ஒரு லென்ஸ் இருந்தால் போதும். கல் இறக்குவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஊர்ப் பிள்ளை ஒருவன்