அந்தச் செங்கல்லை எடுத்துவிடு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். மழை விட்டு இரண்டு நாளாக நல்ல வெயில். அம்மா போர்வைகளையெல்லாம் துவைத்து இஸ்தோப்பில் காயப் போட்டிருக்கிறாள்.

நேற்று ராத்திரி நீ அனுப்பிய படத்தைத் தம்பி போனில் பெரிதாக்கிக் காட்டினான். பேத்தி கம்பளிச் சட்டையோடு, அறையைச் சூடாக்குகிற விறகு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து சிரிக்கிறாள். அம்மா அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. என் கண் அவளுக்குப் பின்னால் போய்விட்டது. அடுப்புக் கதவு முழுதாகச் சாத்தவில்லை. திறந்துகொள்ளாமல் இருக்க ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறாய். தம்பி கேட்டதற்கு, "கைப்பிடி சும்மா சுத்துது, கொண்டி பிடிக்க மாட்டேங்குது, மூணு வாரமா இப்படித்தான் எரிக்கிறோம்" என்று பதில் சொன்னாயாம். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

போனில் சொன்னால் பாதி காதில் விழும், அதற்குள் நீ வேலைக்கு ஓடுவாய். அதனால் எழுதித் தம்பியிடம் கொடுத்து அனுப்பச் சொல்கிறேன். ஆறுதலாக இருந்து வாசி, மருமகனுக்கும் வாசித்துக் காட்டு. முதல் விஷயம், அந்தக் கதவு சரியாகும் வரைக்கும் அடுப்பைப் பற்ற வைக்காதே. அங்கே இங்கிலாந்தில் குளிர் எப்படி என்று தெரியும். கரண்ட் ஹீட்டருக்குக் காசு கூடப் போகும் என்றும் தெரியும். போகட்டும். ஒரு மாதம் போகட்டும். தேவை என்றால் நான் இங்கிருந்து அனுப்புகிறேன்.

அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்தார் என்று உனக்குத் தெரியும், என்ன வேலை என்று விவரமாக நான் சொன்னதில்லை. 1979-இல் சேர்ந்து 2017-இல் விலகினேன். அந்த 38 வருஷத்தில் 26 வருஷம் தேயிலையைக் காய வைக்கிற டிரையரின் அடுப்புக்கு முன்னால்தான். முதலில் இருந்த ஸ்டோரில் பெல்ஃபாஸ்டில் செய்து கப்பலில் வந்த பழைய சிரோக்கோ டிரையர் ஒன்று இருந்தது. அந்த அடுப்பைப் பார்த்த பெரியவர் எனக்கு மாமா முறை. முதல் மாதம் முழுக்க என்னை விறகில் கை வைக்கவே விடவில்லை. கதவைத் திறப்பதும் மூடுவதும் மட்டும்தான் என் வேலை. அப்போது எனக்குக் கோபம் கோபமாக வரும். விறகு தூக்குவதுதானே வேலை, இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

டிரையருக்குள் போகிற சூட்டுக் காற்று 200 பாரன்ஹீட் டிகிரிக்குப் பக்கத்தில் ஆடாமல் நிற்க வேண்டும். கூடினால் தூள் தீய்ந்துவிடும், குறைந்தால் உள்ளே ஈரம் நின்றுவிடும். தேயிலைப் பக்குவம் பார்க்கிற டீமேக்கர் ஒரு வாய் குடித்துப் பார்த்தே, ராத்திரி எத்தனை மணிக்கு நாங்கள் அடுப்பைக் கவனிக்காமல் விட்டோம் என்று சொல்லிவிடுவார். அந்தச் சூட்டைப் பிடித்து வைப்பது விறகின் கணக்கை விடக் காற்றின் கணக்கு. கீழே இருக்கிற காற்று வழியை அரை அங்குலம் திறந்தால் நெருப்பு எழும்பும், மூடினால் அடங்கும். கதவு இடுக்கில் காற்று உள்ளே போனால் அந்தக் கணக்கு எல்லாம் போச்சு. நீ மூடி வைத்தாலும் நெருப்பு தன் பாட்டுக்கு எரியும். உன் அடுப்பிலும் அதுதான் நடக்கிறது. செங்கல் முட்டுக்கொடுத்த கதவைச் சுற்றி எவ்வளவு இடைவெளி இருக்கிறதோ அவ்வளவு காற்று உன்னைக் கேட்காமல் உள்ளே போகிறது. விறகு சீக்கிரம் தீர்கிறது என்று போன மாதம் சொன்னாயே, காரணம் இதுவாக இருக்கலாம். அப்படி அளவுக்கு மேல் எரிந்தால் வார்ப்பிரும்பு வளையும், விரிசல் விடும். புகைக்கூண்டுக்குள் படிந்திருக்கிற, தார் மாதிரியான கீலும் கரியும் தீப்பிடித்தால் கூரைக்குப் போகும்.

இனிச் சொல்லப்போவது உனக்குத் தெரியாதது. என் வலது கையில் முழங்கைக்குக் கீழே இருக்கிற தழும்பைச் சின்ன வயசில் தடவித் தடவிக் கேட்பாய். வெந்நீர் பட்டது என்று சொல்லி வைத்திருந்தேன். அது வெந்நீர் இல்லை.

1994 ஜூலை. உனக்கு மூன்று வயசு. அப்போது வேறு ஸ்டோருக்கு மாறி வந்திருந்தேன். அங்கே அடுப்புக் கதவின் கொண்டி தேய்ந்து போய் நிற்காமல் விழுந்தது. சொன்னோம். பார்ப்போம் என்றார்கள். கொழுந்து மலையாகக் குவிந்திருந்த நேரம், அடுப்பை நிறுத்த யாருக்கும் மனசில்லை. நாங்களே தடித்த கம்பி ஒன்றை வளைத்துக் கதவை இழுத்துக் கட்டினோம். இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததால் அது பழுது என்பதே மறந்து போனது. உன்னுடைய மூன்று வாரத்தை நினைத்துத்தான் எனக்குப் பயம்.

அன்றைக்கு ராத்திரி வேலை. மழையில் நனைந்த சவுக்கு விறகு. சூடு கூடிவிட்டது என்று கீழ்க் காற்றை மூடி வைத்திருந்தேன். உள்ளே விறகு எரியாமல் புகைந்து, அந்தப் புகை முழுக்க அடுப்புக்குள் அடைந்து நின்றது. புகை என்பது எரியாமல் மிச்சம் நிற்கிற எரிபொருள்தான், மகளே. அதற்குக் காற்று மட்டும்தான் குறை. நல்ல கொண்டியாக இருந்தால் ஒரு விரல் திறந்து, பொறுத்து, பிறகு திறந்திருப்பேன். கம்பிக் கட்டை அப்படி அவிழ்க்க முடியாது. குறட்டால் முறுக்கி இழுத்தேன், கம்பி விட்டதும் கதவு முழுதாகத் திறந்துகொண்டது. காற்று உள்ளே போன வேகத்தில் நெருப்பு வெளியே வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன், கை மாட்டிக்கொண்டது.

கூட நின்ற பையன் பதறிப்போய் பற்பசையை அப்பிவிட்டான். டிஸ்பென்சரியில் அதைக் கழுவி எடுத்தபோதுதான் உண்மையான வலி. அம்மாவிடம்கூட முழுக் கதையையும் சொல்லவில்லை. சொன்னால் அந்த வேலைக்குத் திரும்பிப் போக விட்டிருக்க மாட்டாள், அப்போது வேறு வேலையும் இல்லை. இப்போது இதை எழுதுவதை அவள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

சரி, உன் கதவுக்கு வருவோம். அடுப்பு முழுக்க ஆறிய பிறகு, அதாவது அணைத்து அடுத்த நாள், கதவைத் திறந்து கைப்பிடியைச் சுற்றி, உள்பக்கத்தில் இருக்கிற நாக்கைப் பார். கைப்பிடி சுற்றும்போது நாக்கு அசையவே இல்லை என்றால், இரண்டையும் பிடித்திருக்கிற சின்ன ஸ்குரூ கழன்றிருக்கும், இல்லாவிட்டால் பின் உடைந்திருக்கும். சின்ன வேலைதான். நாக்கும் சேர்ந்து சுற்றுகிறது, ஆனால் சட்டத்தைப் பிடிக்கவில்லை என்றால் நாக்கு தேய்ந்துவிட்டது. சில அடுப்பில் நாக்குக்குப் பின்னால் வாசர் போட்டிருப்பார்கள். ஒன்றைக் கழற்றினால் நாக்கு கதவுப் பக்கம் நெருங்கி வந்து இறுக்கிப் பிடிக்கும். அதற்கும் சரிவராவிட்டால் புது நாக்குதான், அந்த அடுப்புக்கு உரியதையே வாங்க வேண்டும். கம்பி, டேப், கடையில் விற்கிற சாதாரணப் பசை எதுவும் அந்தச் சூட்டுக்கு நிற்காது.

கதவைச் சட்டத்தோடு பிடித்திருக்கிற பிணைச்சலையும் பார். கதவைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பார்த்தால் ஆடுகிறதா? பின் தேய்ந்தால் கதவு ஒரு பக்கம் தொங்கும், நாக்கு அதன் இடத்துக்கு வராது. நாம் கைப்பிடியைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம், குற்றம் பிணைச்சலில் இருக்கும். எங்கள் ஸ்டோரில் பாதிக் கொண்டிகள் அப்படித்தான் கெட்டன.

பிறகு காற்றை அடைக்கக் கதவைச் சுற்றி ஓடுகிற கயிறு. ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவில் வைத்துச் சாத்தி இழு. உங்கள் ஊர் நோட்டு பிளாஸ்டிக்காம், அது வேண்டாம், பத்திரிகைத் தாள் போதும். இறுக்கமாக நிற்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்றுப் போகிறது. மேல், கீழ், இரண்டு பக்கம், எல்லா இடத்திலும் பார். கொண்டி பிடித்தால்தான் இந்தச் சோதனை சரிவரும், அதனால் கொண்டிக்குப் பிறகு இதைச் செய். கயிறு மாற்றுவதென்றால் பழைய கயிற்றின் தடிப்பை அளந்து அதே தடிப்பில் வாங்க வேண்டும். தடித்த கயிறு நல்லது என்று யாராவது போட்டால் கதவு சாத்த மறுக்கும், பலம் போட்டுச் சாத்துவோம், அந்தப் பலம் நாக்கைத் தேய்க்கும். உன் கொண்டி இப்படித்தான் கெட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ஒட்டும்போது கயிற்றை இழுத்து ஒட்டக் கூடாது, இழுத்தால் மெலிந்துபோகும்.

ஒரு விஷயத்தில் கவனம். நாங்கள் அந்தக் காலத்தில் அஸ்பெஸ்டோஸ் கயிறுதான் கட்டினோம், பழையதை வெறும் கையால் சுரண்டி ஊதித் தள்ளினோம். அந்தத் தூசி நுரையீரலில் தங்கினால் வருஷங்கள் கழித்துப் புற்றுநோய் வரும் என்று அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. உங்கள் நாட்டில் அஸ்பெஸ்டோஸை 1999-இல் முழுதாகத் தடை செய்துவிட்டார்கள். உன் அடுப்பு அதற்கு முந்தியது என்றால் அந்தக் கயிற்றை நீ தொடவே கூடாது. தெரிந்த ஆள் வந்து எடுக்கட்டும்.

இறுகிய ஸ்குரூவை மருமகன் பலம் போட்டுத் திருப்பப் பார்ப்பார், வேண்டாம் என்று சொல். வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, ஸ்குரூ பிடிக்கிற காது உடைந்து கையில் வரும். துருவுக்கு விடுகிற எண்ணெயை ஆறிய அடுப்பில் மட்டும் விட்டு, ஒரு ராத்திரி ஊறவைத்து, துடைத்துவிட்டுத் திருப்ப வேண்டும். சூடான அடுப்புக்குப் பக்கத்தில் ஸ்பிரே டப்பாவைக் கொண்டுபோகவே கூடாது. கண்ணாடியில் கீறலோ விரிசலோ இருந்தால் அதுவும் மாற்ற வேண்டும். அது சாதாரணக் கண்ணாடி இல்லை, சூடு தாங்குகிற தனி வகை. ஜன்னல் கண்ணாடியை வெட்டிப் போட்டால் வெடித்துச் சிதறும்.

இதையெல்லாம் நீங்களே செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பார்த்துத் தெரிந்து வைத்துக்கொண்டு வீட்டுச் சொந்தக்காரருக்கு எழுத்தில் எழுது. வாயால் சொன்னால் பார்ப்போம் என்பார்கள். கார்பன் மோனாக்சைடு என்கிற புகை நஞ்சைப் பிடிக்கிற அலாரம் அந்த அறையில் இருக்கிறதா? இங்கிலாந்தில் விறகு, கரி எரிக்கிற அடுப்புள்ள வாடகை வீட்டு அறையில் அதை வைக்க வேண்டும் என்று 2015 அக்டோபரிலிருந்து சட்டம். 2022 அக்டோபரிலிருந்து, பழுது என்று சொன்னால் சரிசெய்தோ மாற்றியோ தர வேண்டும். தம்பி தேடி வாசித்துச் சொன்னான். கார்பன் மோனாக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. குளிர் தாங்காமல் கரிச்சட்டியைக் காம்பராவுக்குள் வைத்துக் கதவடைத்துப் படுத்து, விடிய எழும்பாமல் போனவர்களைப் பற்றி நம் ஊரில் நீ கேள்விப்பட்டிருப்பாய். நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி விழுகிற மாதங்களில் உன் அம்மா அதைச் சொல்லிச் சொல்லி உங்களை அதட்டுவாள். உங்களில் யாருக்காவது காரணம் இல்லாமல் தலையிடி, மயக்கம், குமட்டல் வந்தால், அதுவும் வெளியே போனால் சரியாகி வீட்டுக்கு வந்தால் திரும்புகிறது என்றால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடு. பிறகு ஆளைக் கூப்பிடு.

கதவு சரியான பிறகு திறக்கிற விதம் இது. முதலில் காற்று வழியைத் திறந்து கொஞ்சம் பொறு, நெருப்பு எழும்பட்டும். பிறகு கதவை ஒரு விரல் அளவு திறந்து ஐந்தாறு மூச்சு நேரம் நில். புகை மேலே இழுபடுவது தெரியும். அப்புறம் மெதுவாகத் திற. நேரே முன்னால் நிற்காதே, கதவுப் பக்கம் ஒதுங்கி நில். தோல் கையுறை போடு. நனைந்த துணியால் பிடிக்காதே, ஈரம் ஆவியாகிக் கையை வேகவைத்துவிடும். நைலோன் ஷோல், தொங்குகிற துப்பட்டா எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. மண்ணெண்ணெய், பெட்ரோல் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி வெளியே கல்தரையில் வை, இரண்டு மூன்று நாள் போனாலும் உள்ளே கங்கு இருக்கும்.

பேத்திக்காக அடுப்பைச் சுற்றிச் சுவரோடு பூட்டுகிற கம்பித் தடுப்பு வாங்கு. இந்த வயசில் பிள்ளை எதையும் பிடித்துத்தான் எழும்பும். கண்ணாடிக்குள் நெருப்பு ஆடுவதைப் பார்த்தால் கை வைக்காமல் இருக்குமா? சுட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் பிடி. வளையல், சங்கிலி, அந்த இடத்து உடுப்பு எல்லாவற்றையும் கழற்று. தோலோடு ஒட்டியதை மட்டும் இழுக்காதே. ஐஸ் வேண்டாம், வெண்ணெய் வேண்டாம், பற்பசை வேண்டவே வேண்டாம். சின்னப் பிள்ளைக்கு என்ன சூடு பட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் காட்டு.

அம்மா இங்கே பின்னிய தொப்பி இரண்டும், பேத்திக்கு ஒரு சட்டையும், ஒரு கிலோ தேத்தூளும் கட்டி வைத்திருக்கிறாள். அடுத்த கிழமை ஹட்டனுக்குப் போகும்போது தபாலில் போடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கும்போது வீட்டுச் சொந்தக்காரர் என்ன சொன்னார் என்று முதலில் சொல். கதவைத் திறந்து, நாக்கு தெரிகிற மாதிரி பக்கத்தில் இருந்து ஒரு படம் எடுத்து அனுப்பு. பிணைச்சல் பக்கமும் ஒன்று. வெளிச்சம் போதாது, டோர்ச் அடித்து எடு.

அன்புடன்,
அப்பா